மேல்வீட்டுத் தண்ணீர், கீழ்வீட்டுச் சுவர்: டர்பனில் வடிகால், சர்விடியூட் தகராறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுப் பிளான் வரைபவன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து 19 வருடம் ஆகிறது. வக்கீல் இல்லை. ஆனால் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் அவுட்பில்டிங் (மனைக்குள் தனியாக ஒரு சிறு கட்டடம்) கட்டப் பிளான் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர், அளவெல்லாம் பேசி முடித்து டீ குடிக்கும்போது, "அப்புறம் ஒரு விஷயம்..." என்று இழுப்பார்கள். அந்த ஒரு விஷயம் பெரும்பாலும் தண்ணீர்தான். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் மாகாணமான குவாசூலு-நடாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்விகள் கூடிவிட்டன. திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்த முறை டீ ஆறாமல் குடிக்கலாம்.

மேல்வீட்டு மழைத்தண்ணீர் முழுக்க எங்கள் முற்றத்தில் இறங்குகிறது. நிறுத்தச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா?

அந்தத் தண்ணீர் நிலத்தின் சரிவால் தானாக வருகிறதா, யாராவது வரவழைத்ததா என்பதைப் பொறுத்தது.

இங்கே பக்கத்து வீட்டுத் தகராறுகளுக்கு அடிப்படை ரோமன்-டச்சு சட்டம். அதன்படி, மேட்டு நிலத்திலிருந்து இயற்கையாக ஓடி வரும் மழைத்தண்ணீரைப் பள்ளத்து நிலத்துக்காரர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மேட்டுக்காரர் அந்தத் தண்ணீரின் அளவைக் கூட்டக் கூடாது, திசையை மாற்றக் கூடாது, பரவலாக வந்ததை ஒரே இடத்தில் சேர்த்துத் தள்ளக் கூடாது. புல்லும் மண்ணுமாக இருந்த முற்றம் முழுவதும் பேவிங் கல் போட்டு, கூரைத் தண்ணீரை நாலு டவுன்பைப்பில் பிடித்து, உங்கள் சுவர் மூலையைப் பார்த்து ஒரு எல்போ திருப்பி வைத்தால், அது இயற்கை ஓட்டம் இல்லை. அது அவர் அனுப்பும் தண்ணீர்.

வயல்காட்டில் இந்த விதி எளிது. ஊருக்குள் வந்தால்தான் சிக்கல். இனவாரியாகக் குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து இந்தியர்களை வெளியேற்றிச் சாட்ஸ்வொர்த்தில் குடிவைத்தது 1960-களில். அதற்காகக் குன்றுகளைப் படிக்கட்டு மாதிரி வெட்டி, ஒரு படிக்கு ஒரு வரிசை வீடு என்று கட்டினார்கள். அந்த மண்வெட்டும் இயந்திரம் வருவதற்கு முன்னால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று இன்றைக்கு யார் சொல்வது? பழைய சமவுயரக் கோட்டு வரைபடம், வான்வழிப் படம் இவற்றை வைத்து ஓரளவு சொல்லலாம். அதனால்தான் நகர மனைகள் விஷயத்தில் நீதிமன்றம் கொஞ்சம் கறாராக இருக்கிறது. "இது இயற்கை ஓட்டம், நீ வாங்கிக்கொள்" என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். "தண்ணி பள்ளத்தைத்தானே தேடும், ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது.

கட்டட விதிகளும் இதையேதான் சொல்கின்றன. 1977-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதிகள் சட்டத்தோடு சேர்ந்த சான்ஸ் 10400 தரநூலில் 'ஆர்' பகுதி முழுக்க மழைத்தண்ணீர் வடிகால் பற்றியது. கட்டடம், பேவிங், மண் வேலை எதிலிருந்து தண்ணீர் ஓடினாலும், அதைக் கட்டுப்படுத்தி வெளியேற்ற வழி செய்வது அந்த இடத்தின் சொந்தக்காரர் பொறுப்பு.

தண்ணீர் அவர் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதை எப்படிக் காட்டுவது?

கண்ணால் பார்த்துத்தான். ஒரு கதை சொல்கிறேன்.

மேலும் கீழுமாக இரண்டு வீடு. கீழ்வீட்டு ஆன்ட்டியின் சமையலறைப் பின்சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்து, பெயின்ட் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மேல்வீட்டு அங்கிள்தான் காரணம் என்று ஆன்ட்டி. தன் டவுன்பைப் நேராகத் தன் கல்லிக்குள் (தரையில் தண்ணீர் வாங்கும் வடிகால் குழி) போகிறது, ஒரு சொட்டுகூட வெளியே போவதில்லை என்று அங்கிள். இரண்டு பேரும் ஒரே கோவிலுக்குப் போகிறவர்கள். எட்டு மாதமாகக் காவடிக் கூட்டத்தில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நான் போனது ஒரு வெயில் நாளில். கையில் சோதனைச் சாயம் இல்லை. ஆன்ட்டி உள்ளே போய், தீபாவளிக்குப் பர்ஃபியில் போடும் பச்சைக் கலர் பாட்டிலை எடுத்து வந்தார். அங்கிள் வீட்டுக் கல்லியில் அதை ஊற்றி, தோட்டக் குழாயைத் திறந்துவிட்டோம். அரைமணி நேரம் ஒன்றும் இல்லை. அங்கிள் சிரிக்கத் தொடங்கிவிட்டார். அப்புறம் தடுப்புச் சுவரின் அடியில், மூன்றாவது செங்கல் வரிசைக்குக் கீழே, பச்சையாக ஒரு ஈரம். கொஞ்ச நேரத்தில் அது ஒரு கோடாக வழிந்து ஆன்ட்டியின் காலடிக்கு வந்தது.

அங்கிள் பொய் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் புதைத்த 110 மில்லிமீட்டர் குழாய் மண்ணுக்குள்ளேயே முடிந்துபோயிருந்தது. எந்த வடிகாலுடனும் அதைச் சேர்க்கவில்லை. கூரைத் தண்ணீர் முழுக்கச் சுவருக்குப் பின்னால் இருந்த மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே சண்டைக்கு முன்னால் சாயம். கூடவே தேதி தெரியும்படி போட்டோ, வீடியோ. மழை பெய்யும்போதே எடுங்கள். மறுநாள் காய்ந்த சுவரைக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சர்விடியூட் சர்விடியூட் என்கிறார்களே, அது என்ன?

ஒருவர் நிலத்தின் மேல் இன்னொரு நிலத்துக்கோ முனிசிபாலிட்டிக்கோ இருக்கும் குறிப்பிட்ட உரிமை. உங்கள் மனையின் பின்பக்கமாக முனிசிபாலிட்டி கழிவுநீர்க் குழாய் போகும் உரிமை, மேல்வீட்டு மழைநீர்க் குழாய் உங்கள் ஓரமாக இறங்கும் உரிமை, உள்ளே இருக்கும் வீட்டுக்காரர் உங்கள் நிலத்தின் ஓரமாக நடந்து போகும் பாதை, எல்லாம் இதில் அடக்கம். நம்மூரில் பாத்தியதை என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

இரண்டு விஷயம் முக்கியம். பதிவான சர்விடியூட் ஆளோடு போகாது, நிலத்தோடு போகும். வீட்டை விற்றாலும் வாங்குகிறவர் தலையில் அது இருக்கும். இரண்டாவது, நிலம் உங்களுடையதாகவே இருக்கும். அதற்கு ரேட்ஸ், அதாவது முனிசிபல் வரி, கட்டுவதும் நீங்கள்தான். புல் வளர்க்கலாம், கொத்தமல்லி போடலாம். குழாய்க்கு இடைஞ்சலாக எதுவும் கட்டத்தான் முடியாது.

எங்கள் மனையில் சர்விடியூட் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

முதலில் டைட்டில் டீட், அதாவது சொத்துப் பத்திரம். வீட்டுக் கடன் இருந்தால் அது பாங்கில் இருக்கும், பிரதி கேட்கலாம். இல்லையென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள பத்திரப் பதிவகத்தில் கட்டணம் கட்டிப் பிரதி வாங்கலாம். முதல் பக்கத்தில் பெயர், எர்ஃப் எண் (மனை எண்), சதுர மீட்டர் எல்லாம் படித்துவிட்டு எல்லோரும் மூடி வைத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் வரும் நிபந்தனைகளில்தான் விஷயமே இருக்கிறது. ரோட்டைப் பார்த்த பக்கம் தவிர மற்ற எல்லைகளை ஒட்டி மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் கொண்டுபோக முனிசிபாலிட்டிக்கு உரிமை உண்டு, அதற்கு நஷ்டஈடு கிடையாது என்ற மாதிரி ஒரு வாசகத்தை நடால் பக்கத்துப் பழைய பத்திரங்கள் பலவற்றில் பார்க்கலாம். கழிவுநீருக்கும் மழைநீருக்கும் அதே மாதிரி எழுதியிருப்பார்கள்.

அடுத்து, சர்வேயர் ஜெனரல் அலுவலக வரைபடம். அதில் சர்விடியூட் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மீட்டர் அகலம் என்று இருக்கும். என் கைக்கு வந்தவற்றில் 2 மீட்டரும் 3 மீட்டரும்தான் அதிகம். மூன்றாவது, எதெக்வினி முனிசிபாலிட்டியின் ஆன்லைன் வரைபடம். அதில் குழாய்களும் மேன்ஹோல்களும் தெரியும். ஆனால் அந்தக் கோட்டை நம்பி அஸ்திவாரம் தோண்டாதீர்கள். திரையில் காட்டும் இடத்துக்கும் மண்ணுக்குள் இருக்கும் இடத்துக்கும் ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்ததைக் கடப்பாரையோடு நின்று பார்த்திருக்கிறேன்.

பின்பக்கம் மேன்ஹோல் இருக்கிறது. அதைச் சுற்றி, அல்லது அதன் மேல், அவுட்பில்டிங் கட்டிவிடலாமா? பக்கத்தில் எல்லோரும் கட்டியிருக்கிறார்களே?

கட்டியிருக்கிறார்கள். மகனுக்குக் கல்யாணம், மகள் திரும்பி வந்துவிட்டாள், வாடகை வந்தால் நல்லது, காரணம் எல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் நான் அந்தப் பிளானை வரைய மாட்டேன்.

ஒரு வீட்டில் மேன்ஹோல் மூடியின் மேல் டைல் ஒட்டி, அதன் மேல் துணி துவைக்கும் இயந்திரத்தை வைத்திருந்தார்கள். அடைப்பு வந்ததும் மேல் வரிசை மூன்று வீட்டுக் கழிவும் அந்த டைல் இணைப்பு வழியாகப் பொங்கி மேலே வந்தது. முனிசிபாலிட்டி ஆட்கள் உள்ளே வர உரிமை கேட்டார்கள். முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 101-ஆம் பிரிவு அதைத் தருகிறது, நியாயமான நேரத்தில் வந்தால் மறுக்க முடியாது. டைலை உடைத்தார்கள். உடைத்ததற்குக் காசு யாரும் தரவில்லை.

சட்டப்படி இன்னும் மோசமாகும். அனுமதி பெற்ற பிளான் இல்லாமல் கட்டுவது 1977 சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி குற்றம். 21-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் இடிக்க உத்தரவிடலாம். ஈஸ்டர்ன் கேப்பில் கென்டன்-ஆன்-சீ என்ற கடற்கரை ஊரில் ஒரு பெரிய பங்களாவையே இடிக்க வேண்டும் என்று 2013-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. முனிசிபாலிட்டி இந்தப் பிரிவின் கீழ் வந்து, சட்டவிரோதக் கட்டடம் என்பது உறுதியானால், "பாவம், இவ்வளவு செலவாகிவிட்டதே" என்று பார்க்க நீதிமன்றத்துக்கு இடமில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். கோடீஸ்வரர் வீட்டுக்கே அந்தக் கதி.

குழாயை வேறு பக்கமாக நகர்த்தி வைக்க விண்ணப்பிக்கலாம். செலவு உங்களுடையது, சரிவு போதுமானதாக இருக்க வேண்டும், என்ஜினியர் கையெழுத்து வேண்டும். சில மனைகளில் இது முடிந்திருக்கிறது.

தாத்தா காலத்திலிருந்து எங்கள் குழாய் பக்கத்து மனை வழியாகத்தான் போகிறது. 30 வருடம் ஆனால் உரிமை தானாக வந்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. 1969-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் 6-ஆம் பிரிவு இருக்கிறது. உரிமையுள்ளவர் மாதிரியே, வெளிப்படையாக, 30 வருடம் பயன்படுத்தியிருந்தால் சர்விடியூட் கிடைக்கும். நம் வீடுகளில் இது மூன்று இடத்தில் சறுக்கும்.

ஒன்று, அனுமதி. "சரி தம்பி, என் பக்கமாகப் போட்டுக்கோ" என்று பக்கத்து வீட்டுத் தாத்தா அன்றைக்குச் சொல்லியிருந்தால், அது அவர் தயவு. தயவு எத்தனை வருடம் நீடித்தாலும் உரிமையாகாது. நல்ல உறவுதான் இங்கே வழக்கைக் கெடுக்கிறது, விசித்திரம்தான்.

இரண்டு, வெளிப்படை. மண்ணுக்குள் புதைந்து யார் கண்ணிலும் படாத குழாயை "வெளிப்படையாகப் பயன்படுத்தினேன்" என்று சொல்வது கடினம். மூடியோ கல்லியோ மேலே தெரிந்தால் வேறு கதை.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகள் முதலில் டர்பன் மாநகராட்சிக்குச் சொந்தமாக இருந்து, பிறகுதான் குடியிருந்தவர்கள் பெயருக்கு மாறின. இரண்டு மனையும் ஒரே சொந்தக்காரரிடம் இருந்தவரை சர்விடியூட் என்ற பேச்சுக்கே இடமில்லை. தன் நிலத்தின் மேல் தனக்கே சர்விடியூட் இருக்க முடியாது. எனவே 30 வருடத்தைத் தாத்தா குடிவந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். பத்திரம் மாறிய தேதியைப் பாருங்கள்.

பொதுக் குழாய் எங்கள் தோட்டத்தில் அடைத்துக்கொண்டது. யார் செலவு?

முனிசிபாலிட்டியின் பிரதானக் குழாய் என்றால் அவர்கள் வேலை. உங்கள் வீட்டிலிருந்து அந்தக் குழாயில் சேரும் இடம் வரை உங்கள் வேலை. ஒட்டு வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய் பின்பக்கமாகப் போவது உண்டு. அதில் சேரும் இரண்டு பேரும் பகிர்ந்துகொள்வதுதான் நியாயம். அடைப்பு யார் பக்கத்தில் இருக்கிறது என்பதைவிட, யார் யார் அந்தக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. தனியார் சர்விடியூட் என்றால், வேறு மாதிரி எழுதியிராதபட்சத்தில், குழாயால் பயன்பெறுகிறவர் பராமரிக்க வேண்டும். அதற்காக உங்கள் தோட்டத்தில் தோண்டினால் பழையபடி மூடிக் கொடுக்கவும் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். விசேஷத்துக்கு சமோசா பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றாதீர்கள். அடைப்பை எடுக்க வரும் ஆள் கம்பியில் சுற்றி இழுப்பது பெரும்பாலும் சோப்புக்கட்டி மாதிரி இறுகிப்போன அந்த எண்ணெய்தான்.

கூரைத் தண்ணீரைச் சாக்கடைக் குழாயிலேயே விட்டுவிட்டால் பிரச்சினை தீருமே?

கூடாது. இந்த நாட்டில் மழைநீரும் கழிவுநீரும் தனித்தனிக் குழாய். கழிவுநீர்க் குழாயை மழைக்கு ஏற்ற அளவில் போடவில்லை. பத்து வீடு இப்படிச் செய்தால், கீழ் வரிசையில் யாரோ ஒருவர் வீட்டுக் கழிப்பறை வழியாக எல்லாம் மேலே வரும். முனிசிபாலிட்டி விதிகளின்படி இது குற்றமும்கூட.

தண்ணீர் வராமல் எல்லையில் சுவர் எழுப்பிவிட்டேன். இப்போது மேல்வீட்டுக்காரர் வழக்குப் போடுவேன் என்கிறார்.

போடலாம். இயற்கையாக வரும் தண்ணீரை நீங்கள் அடைத்து அவர் பக்கம் தேங்க வைத்தால், தவறு உங்களுடையது. அவர் செயற்கையாகத் தள்ளிய தண்ணீர் என்றால் உங்கள் கை ஓங்கும். ஆனால் சட்டத்தைவிட இங்கே எனக்குச் சுவரைப் பற்றித்தான் கவலை.

மண்ணைத் தாங்கும் சுவர் வேறு, எல்லைச் சுவர் வேறு. பிரிகாஸ்ட் கான்கிரீட் பலகை அடுக்கி எழுப்பிய எல்லைச் சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் மண்ணை நிரப்பி, அதைத் தடுப்புச் சுவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காய்ந்த மண் தள்ளுவது ஒரு மடங்கு. மழையில் ஊறி, பின்னால் தண்ணீரும் நின்றுவிட்டால் சுவர் மேல் விழும் பாரம் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். டர்பனின் கடலோர மேடுகளில் இருக்கும் பெரியா சிவப்பு மணலுக்கு இன்னொரு குணம் உண்டு: காய்ந்திருக்கும்போது வெட்டிய சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும், நனைந்தால் பிடிப்பு விட்டு இறங்கிவிடும். 2019 ஈஸ்டர் வார மழையில் இந்த மாகாணத்தில் சுமார் 70 பேர் இறந்தார்கள். சாட்ஸ்வொர்த்திலும் வீடுகள் சரிந்தன. இரவில், தூக்கத்தில்.

அதனால் தடுப்புச் சுவர் என்றால் என்ஜினியர் கணக்கு, அனுமதி பெற்ற பிளான், சுவருக்குப் பின்னால் சரளைக் கல், அடியில் துளையிட்ட குழாய், சுவரில் வரிசையாக வீப் ஹோல். அந்த ஓட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அசிங்கமாக இருக்கிறது என்று சிமென்ட் வைத்து அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவர் மூச்சுவிடுவது அந்த வழியாகத்தான்.

நீங்கள் கீழ்வீட்டுக்காரர், கார் நிறுத்த இடம் வேண்டும் என்று எல்லை ஓரத்தில் மண்ணை வெட்டி எடுத்தால், மேல்வீட்டு மண் சரியாமல் காக்க வேண்டியது நீங்கள். பக்கத்து நிலத்துக்கு உங்கள் நிலம் தரும் இந்தத் தாங்கலைக் கெடுத்தால், கவனமாகத்தான் தோண்டினேன் என்ற பதில் எடுபடாது. சேதம் வந்தாலே பொறுப்பு வந்துவிடும்.

ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் மழைநீர்த் தொட்டி) வைத்தால் போதாதா?

100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். உங்கள் 5,000 லிட்டர் ஜோஜோ அதோடு நிரம்பிவிடும். 2022 மாதிரி 300 மில்லிமீட்டர் என்றால் 30,000 லிட்டர். மீதி 25,000 லிட்டர் எங்கே போகும்? டேங்கின் மேலே வழியும் குழாயை எங்கே விட்டிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பல வீடுகளில் அது பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. டேங்க் வையுங்கள், குழாயில் தண்ணீர் வராத நாளுக்கு உதவும். வடிகாலுக்கு அது பதில் இல்லை.

பக்கத்து மாமர இலை எங்கள் கட்டரை (கூரை ஓரத் தண்ணீர் வாய்க்காலை) அடைக்கிறது. அதனால்தான் தண்ணீர் வழிகிறது. மரத்தை வெட்டச் சொல்லலாமா?

இலைக்காக வெட்டச் சொல்வது கடினம். 1951-இல் சீரஸ் ஊர் முனிசிபாலிட்டியின் தெருவோர ஓக் மர இலைகள் கட்டரை அடைக்கின்றன என்று ஒருவர் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார். தெருவில் மரம் வளர்ப்பது இயல்பான விஷயம், இலை விழுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பானது. உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை வெட்டச் சொல்லலாம். அவர் செய்யாவிட்டால் எல்லைக் கோடு வரை நீங்களே வெட்டலாம். வேர் குழாய்க்குள் புகுந்து உடைத்தால் அது வேறு, அங்கே கேட்க நியாயம் உண்டு. கட்டரை வருடத்துக்கு இரண்டு முறை அள்ளுங்கள். மாங்காய் விழும்போது மட்டும் யாரும் புகார் சொல்வதில்லை.

ரோட்டுத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வருகிறது. முனிசிபாலிட்டி மேல் வழக்குப் போடலாமா?

போடலாம், ஆனால் கடிகாரம் வேகமாக ஓடும். 2002-ஆம் ஆண்டின் 40-ஆம் எண் சட்டப்படி, அரசு அமைப்பின் மேல் நஷ்டஈடு கேட்கப் போவதானால் 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். போன் செய்தேன், வார்டு கவுன்சிலரிடம் சொன்னேன் என்பதெல்லாம் அறிவிப்பு ஆகாது. புகார் எண், தேதி, சேதத்தின் போட்டோ, பழுது பார்த்த பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். அதோடு டைட்டில் டீடை மறுபடி ஒரு முறை படியுங்கள். ரோட்டுத் தண்ணீரை உங்கள் மனை வழியாகக் கொண்டுபோக அதிலேயே உரிமை கொடுத்திருக்கலாம். ரோட்டுக்குக் கீழே இறங்கி இருக்கும் வீடுகளுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன்.

பேசிப் பார்த்தாயிற்று, கேட்கவில்லை. கோர்ட்டுக்குப் போனால் எவ்வளவு ஆகும்?

என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. சேதத்துக்குப் பணம் வேண்டும், தொகை 20,000 ராண்டுக்குள் என்றால் சிறு வழக்கு நீதிமன்றம். 2019 ஏப்ரலிலிருந்து வரம்பு அதுதான். வக்கீல் வைக்க அனுமதி இல்லை, நீங்களே பேச வேண்டும். முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். கோபத்தை எழுதாதீர்கள், எந்தத் தேதியில் என்ன நடந்தது, பழுதுக்கு எவ்வளவு ஆனது, எந்த நாளுக்குள் வேண்டும், இவ்வளவு போதும்.

"பணம் வேண்டாம், அந்தக் குழாயைத் திருப்பச் சொல்லுங்கள்" என்றால் அது தடையாணை. சிறு வழக்கு நீதிமன்றத்தில் கிடைக்காது. மாஜிஸ்திரேட் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ போக வேண்டும், வக்கீல் செலவு வந்துவிடும். உங்களுக்குத் தெளிவான உரிமை இருக்கிறது, சேதம் நடந்தது அல்லது நடக்கப்போகிறது, வேறு நல்ல வழி இல்லை என்று மூன்றையும் காட்ட வேண்டும். நஷ்டஈடு கேட்கும் உரிமை பொதுவாக மூன்று வருடத்தில் காலாவதியாகும்.

என் அனுபவத்தில், சாயம் போட்ட பிறகு கோர்ட்டுக்குப் போனவர்கள் மிகக் குறைவு. இரண்டு பக்கமும் மதிக்கிற ஒரு பெரியவரை வைத்துப் பேசுவதும் வேலை செய்கிறது, அவர் உங்கள் சொந்த மாமாவாக இல்லாதவரை.

நாங்கள் இருப்பது காம்ப்ளெக்ஸ். மேல் ஃப்ளாட்டிலிருந்து ஒழுகுகிறது.

வேறு பாதை. பாடி கார்ப்பரேட்டிடம் (ஃப்ளாட் சொந்தக்காரர்களின் சங்கம்) எழுதிக் கொடுங்கள். தீரவில்லை என்றால், 2011 சட்டத்தின் கீழ் அமைந்த சமூகக் குடியிருப்பு ஆம்புட் (குறைதீர்ப்பு) சேவையிடம் விண்ணப்பிக்கலாம். கோர்ட்டைவிட மலிவு.

வீட்டை விற்கப் போகிறோம். ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டால்?

வேண்டாம். ஒப்பந்தத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது உள்ளது உள்ளபடி, என்று எழுதியிருந்தாலும், தெரிந்தே மறைத்த குறைக்கு அது பாதுகாப்புத் தராது. 2022 பிப்ரவரி 1 முதல் சொத்து முகவர்கள் சட்டப்படி, விற்பவர் குறைகளைச் சொல்லும் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஏஜென்ட் வேலையை எடுக்கலாம். வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: மழை நாளில் போய்ப் பாருங்கள்.

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். வாய்வார்த்தையாக விட்டால் போதாதா?

உங்கள் காலம் வரை போதும். யாராவது ஒருவர் விற்றால் முடிந்தது. புது ஆளுக்கு அந்த வார்த்தை தெரியாது.

பச்சைக் கலர் ஊற்றிப் பார்த்த அந்த இரண்டு வீட்டிலும் அதனால்தான் எழுதி வைத்தார்கள். மேல்வீட்டு அங்கிளின் தண்ணீர் அவர் ரோட்டுக்குப் போக வழியில்லை. ரோடு அவர் கூரை உயரத்தில் இருக்கிறது. கீழ் ரோட்டு வடிகாலுக்குப் போக ஒரே வழி ஆன்ட்டியின் மனை ஓரம். ஆன்ட்டி ஒத்துக்கொண்டார், ஆனால் எழுதித்தான் கொடுப்பேன் என்றார். சரியான முடிவு. நில அளவையர் வந்து 1 மீட்டர் அகலத்தில் பாதையை அளந்து வரைபடம் போட்டார். நோட்டரி பத்திரம் எழுதினார்: குழாய் அங்கிளுடையது, பராமரிப்பும் அவருடையது, தோண்டினால் மூடித் தர வேண்டும், உள்ளே வர ஒரு நாள் முன்னால் சொல்ல வேண்டும். அங்கிள் தன் பங்குக்கு ஆன்ட்டியின் சமையலறைச் சுவரைப் பூசிக் கொடுத்தார். ஆன்ட்டி வீட்டின் மேல் பாங்க் கடன் இருந்ததால் பாங்கின் சம்மதம் வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அதிக நாள் ஆனது. கடைசியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இரண்டு டைட்டில் டீடிலும் பதிவானது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். சுவர் காய்ந்திருந்தது. அளவையர் அடித்த இரும்பு ஆணியைத் தேடினால் காணவில்லை. அதைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம் என்று நான் தொடங்கியதும், ஆன்ட்டி பேசாமல் ஒரு துளசித் தொட்டியை நகர்த்தினார். ஆணி அதன் அடியில் இருந்தது.